ஏரியில் இரண்டு பல்கலைக்கழகங்கள்

பழவேற்காடு,
ஆவணி, 1974

அன்புள்ள ஆதிகேசவன் மாமாவுக்கு லோகநாதன் வணக்கம்.

என் வேலைக்கு உலை வைத்தது நீங்கள்தான். அத்தையும் பிள்ளைகளும் நலம்தானே?

மில் முதலாளியின் அறக்கட்டளையில் குமாஸ்தாவாக உட்கார்ந்துகொண்டு ஒரு நிபந்தனையைத் தட்டச்சு செய்தீர்களே, இரண்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து உட்கார்ந்து, சேர்ந்து கேட்டு, எங்கள் குப்பத்தின் கதையை ஒரே அறிக்கையாக எழுதினால்தான் பணம் என்று, அதை இங்கே யாரும் மதிக்கவில்லை. முதல் நாள் ஒரு பல்கலைக்கழகத்தின் சரித்திரப் பேராசிரியர் சாலமோனும் இன்னொன்றின் தமிழ்ப் பேராசிரியர் பச்சையப்பனும் சேர்ந்துதான் வந்தார்கள். இருவரும் அம்மாவைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் புயலடித்த வருஷத்தைக் கேட்க, மற்றவர் ஒப்பாரி பாடச் சொல்ல, அம்மா, "யார்னா ஒர்த்தர் கேளுங்கய்யா, பேஜாரா கீது" என்று எழுந்து போய்விட்டாள். பிறகு அவர்களுக்குள்ளேயே சண்டை. ஏரியில் சண்டை வந்தால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்கா தெரியாது? தலைவர் துலுக்காணம் பஞ்சாயத்தைக் கூட்டி, வலை போட நாள்முறையாகப் பாடு பிரிப்பதுபோல் இவர்களுக்கும் பிரித்துவிட்டார். ஒருநாள் சரித்திரம், மறுநாள் தமிழ். தமிழின் நாளில் தெரியாமல் வந்த சாலமோனைப் படகைவிட்டு இறங்கவே விடவில்லை. "இன்னிக்கி உன் பாடு இல்ல நைனா. அங்கியே குந்திக்கினு இரு." மனுஷன் வெயிலில் குடையோடு மாலைவரை உட்கார்ந்திருந்தார். இப்படிப் போனால் கூட்டறிக்கை எங்கே வரும்? அது வராவிட்டால் அவர்களுக்கு உதவியாளனாக இருக்கும் எனக்குச் சம்பளம் ஏது? மறுபடி காக்களூர் பட்டறைக்குப் போய் இரும்புத்தூள் தின்ன வேண்டியதுதான். முதலாளியின் காலில் விழுந்தாவது அந்த நிபந்தனையை எடுத்துவிடுங்கள்.

அம்மா உங்களுக்கென்று காயவைத்த இறாலைக் கோபத்தில் அனுப்பவில்லை. மற்றபடி உங்கள் ஆசீர்வாதம் வேண்டும்.

இப்படிக்கு
லோகநாதன்

பி.கு: நிபந்தனையை எடுக்க வேண்டாம், மாமா. இதைத் தபாலில் போடப் போன அன்று வழியில் துலுக்காணத்திடம் என் கஷ்டத்தைச் சொன்னேன். "இத மொதல்லியே சொல்ல வேணாமா? ஒரே வலைய ரெண்டு பேரும் இழுத்தா ஒரே பாடுதான்" என்று ஒரு வலையைக் கொடுத்து இருவரையும் தண்ணீரில் இறக்கிவிட்டார். வேட்டியும் கால்சட்டையும் சேறாகி, ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு கரையேறினார்கள். இப்போது சேர்ந்துதான் கேட்கிறார்கள், சேர்ந்துதான் சிரிக்கிறார்கள். அறிக்கையின் முகப்பைக்கூட எழுதிவிட்டார்கள். அதை நான் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். முதலாளி பெயர் இருக்கிறது, இரண்டு பல்கலைக்கழகங்களும் இரண்டு பேராசிரியர்களும் இருக்கிறார்கள். அம்மா கேட்டாள்: "வல குடுத்தவனுக்கும் ஒரு பங்கு உண்டில்ல? எங்க பேரு இன்னாச்சி?" பேராசிரியர்கள் இருவரும் சேர்ந்தே தலைகுனிந்தார்கள். முகப்பு உங்கள் ஆபீஸ் சொல்கிறபடிதானாம். பதில் வரும்வரை யாருக்கும் பாடு கிடையாது என்று துலுக்காணம் சொல்லிவிட்டார். என் வேலை போனால் போகட்டும், அவர் சொன்னதுதான் நியாயம். எங்கள் குப்பத்தின் பெயரை எப்போது போடப்போகிறீர்கள், மாமா?