அந்துக் கிளாக்கரின் வெள்ளை வேட்டி

உலகத்துக் கடற்படைகளெல்லாம் திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்து வாயூறிய காலத்தில், அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு மணலைப் பார்த்த ஒரே மனிதர் எங்கள் அந்துக் கிளாக்கர்தான்.

வேலை ஓர்ஸ் ஹில் மேட்டில், எங்கள் கந்தோரில் கணக்கெழுதுவது. சீவியம் கந்தோருக்குக் கீழே, இராவணன் மீசைப் புல் படர்ந்த மணல்திட்டில். அங்கே ஒருவகை அந்துப்பூச்சி இருந்தது. புழுவாய் மணலுக்குள் கிடக்கும். இறகு முளைத்தால் மணலின் நிறம். வருகிறவர் போகிறவரையெல்லாம் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டுவார்.

"தெரியுதோ?"

"மணல்தான் தெரியுது, ஐயா."

"அதுதானே அதின்ர கெட்டித்தனம்!" என்று, பெற்ற பிள்ளை சோதினை பாஸ் பண்ணியதுபோல நெஞ்சை நிமிர்த்துவார்.

அந்த மணலை அள்ளிக் கட்டடம் கட்டக் கந்தோர்ப் பெரியவர் உத்தரவு போட்டார். கிளாக்கருக்குச் சோறு இறங்கவில்லை. நேரே போய், "சேர், பின்னேரம் ஒருக்கா வந்து என்ர பூச்சியளைப் பாருங்கோ. பாத்த பிறகும் அள்ளத்தான் வேணுமெண்டால் அள்ளுங்கோ," என்றார்.

"காட்டும், பாப்பம்," என்றார் பெரியவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

பொழுது பட்டது. கிளாக்கர் இரண்டு கம்பு நட்டு, தன் வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டி, முன்னால் பெற்றோமாக்ஸைக் கொளுத்தி வைத்தார். கதிரைகளை வரிசையாய்ப் போட்டு எங்களை இருத்தி, மூச்சு விடக்கூடாது என்று கட்டளை வேறு. வெள்ளைத் துணி, பெற்றோமாக்ஸ், வாய் திறவாத ஆண்கள். எங்கள் ஊரில் இது சாவீடு.

மணல் அள்ள வந்த லொறிச் சாரதி, மூதூர் முஸ்லிம் அண்ணர், எங்களுக்கெல்லாம் காக்கா, தூரத்திலேயே எஞ்சினை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். "கிளாக்கர் மௌத்தாப் போயிட்டாரா? காலையிலதானே என்னோட கதைச்ச மனிசன்!"

"உஷ்! சத்தம் போடாம இருங்கோ காக்கா," என்று கதிரையை இழுத்துப் போட்டவர் மௌத்தான கிளாக்கரேதான். காக்கா "யா அல்லாஹ்!" என்று அதில் விழுந்தார்.

பெரியவரும் வந்துவிட்டார். வேட்டியோ வெறுமையாகவே கிடந்தது. கிளாக்கர் எழும்பிப் போய்ப் பெற்றோமாக்ஸுக்கு இன்னும் காற்று அடித்தார்.

அப்போது ஒன்று வந்து குந்தியது. பின்னால் இன்னொன்று. பிறகு கூட்டமாக. மணலில் ஒளித்துத் திரிந்தவை வெள்ளையில் எங்கே ஒளிக்கும்? இத்தனை காலம் தலையாட்டிய நாங்கள் அன்றுதான் கண்ணால் கண்டோம். அப்பா, என்ன வடிவு!

காக்காதான் முதலில் துள்ளி எழும்பினார். "பாருங்க சேர், எங்கட ஊர்ப் பூச்சி!"

பெரியவர் வேட்டிக்குக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார். "லொறியை வெறுமையாக் கொண்டு போம்," என்றார். கிளாக்கரைவிட எங்கள் நெஞ்சுதான் அன்று கூட நிமிர்ந்தது.

பல வருடம் கழித்து, மணல்திட்டுக்குப் பக்கத்து வீட்டில் கிளாக்கர் உண்மையாகவே கண்ணை மூடினார். முற்றத்தில் வெள்ளைத் துணி கட்டிப் பெற்றோமாக்ஸ் வைத்தோம். துணியில் ஒவ்வொன்றாய் வந்து குந்தின. யாரோ துவாயை வீசி விரட்டப் போக, காக்கா அந்தக் கையைப் பிடித்தார்.

"விடுங்க தம்பி. அவர்ட ஆக்கள் வந்திருக்காங்க."