ஏணியோடு வந்த இன்டர்நெட்

இன்டர்நெட்டுக்கு ஏணி வைத்து ஏறிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் திண்டிவனத்து டிஷ்காரர்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. போன் செய்தால் அவர் வீட்டம்மாவே, "டிஷ்காரர் இல்லீங்க, கம்பத்து மேல கீறாரு" என்பார். மாடியில் ஒரு பெரிய டிஷ்ஷை நிறுத்தி ஊருக்கெல்லாம் கேபிள் கொடுத்தவர். கூடவே ஒரு லோக்கல் சேனலும் நடத்தினார். கோயில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா, பிறந்தநாள் வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அதில் வரும். மாலையில் நீலப் போர்வையைப் பின்னால் கட்டி உள்ளூர்ச் செய்தி வாசித்தது நான்தான். பகலில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

ஆளாளுக்குக் கையில் போன் வந்ததும் வீடுகள் ஒவ்வொன்றாகக் கேபிளை வெட்டின. டிஷ்ஷில் அவர் வீட்டம்மா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காயப்போட்டார். சேனலை இழுத்து மூடிவிடலாம் என்று எல்லாரும் சொன்னார்கள், நான் உட்பட. அவர் அசரவில்லை.

"ஜனங்க போனுக்குக் குடி போயிட்டாங்க டீச்சர். வூடு மாறினா பால்காரன் பழைய வூட்டுலயா போயி பால் ஊத்துவான்? நாமளும் போனுக்குப் போவோம்."

போனார். எப்படி என்பதுதான் விசேஷம். இன்டர்நெட்டில் சேனல் ஆரம்பித்தவர்கள் எல்லாம் ஜனங்கள் வந்து சேரட்டும் என்று உட்கார்ந்திருப்பார்கள். நம்மவர் மொபெட்டில் ஏணியைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினார். "போனைக் குடுங்க" என்று வாங்கி, சேனலைத் தேடி, தானே சேர்த்துவிட்டு, மணியையும் அழுத்திவிட்டு, "வருதா?" என்று கேட்டு, வருகிறது என்று சொன்ன பிறகுதான் வாசலை விட்டு நகர்வார். ஏணி எதற்கு என்று கேட்டேன். "கனெக்சன் குடுக்கப் போறப்ப ஏணி இல்லாம எப்டி டீச்சர் போறது?" என்றார்.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த சொந்தக்காரரைப் பார்க்கப் போனவர் கட்டில் கட்டிலாகக் கனெக்சன் கொடுத்திருக்கிறார். "அண்ணே, இது வார்டு" என்று விரட்ட வந்த நர்ஸம்மா திரும்பிப் போகும்போது அவர் போனிலும் எங்கள் சேனல் இருந்தது.

படம் எங்கே நின்றாலும் தன் லைனில்தான் கோளாறு என்பது அவர் கட்சி. நேரலையின் கீழே யாராவது "படம் நிக்குது" என்று எழுதினால் போதும், "தோ பாக்கறேன்" என்று மாடிக்கு ஏறிவிடுவார். ஒருமுறை அப்படி எழுதியவர் கத்தாரில் டிரைவராக இருந்த ஒரு பாய்.

"அண்ணே, அவரு கத்தார்ல இருக்காரு. நீங்க இங்க ஒயரை ஆட்டி இன்னா ஆவப் போவுது?"

"அவரு எங்க இருந்தா இன்னா டீச்சர், கம்ப்ளைண்ட் நம்ம கம்ப்ளைண்ட்தான?"

அந்தக் கத்தார் பாய்தான் பிறகு ஒருநாள் எழுதினார். கிளியனூரில் மகளுக்கு நிக்காஹ், லீவு கிடைக்கவில்லை, காட்ட முடியுமா என்று. டிஷ்காரர் யோசிக்கவே இல்லை. "காட்டறேன் பாய்."

போய்ப் பார்த்தால், மண்டபத்துக்குள் ஒரு புள்ளிகூட சிக்னல் இல்லை. படம் பிடித்து அப்புறம் அனுப்பிவிடலாம் என்றேன். டிஷ்காரருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அப்பறமா அனுப்பறது கேசட்டு. அந்தாளு கேசட்டா கேட்டாரு? பொண்ணுக்கு துஆ ஓதறப்ப அவரும் கூட கையேந்தணும் டீச்சர்."

மொட்டை மாடியில் மட்டும் கொஞ்சம் சிக்னல் இருந்தது. தன் போனை ஒரு மூங்கில் கழியின் நுனியில் கட்டி, ஜன்னலுக்கு நேர் மேலே நீட்டிப் பிடித்து நின்றுகொண்டார். அதிலிருந்து வந்த இன்டர்நெட்டில், ஜன்னலோரமாக இன்னொரு போனை வைத்து நான் நேரலையை ஓட்டினேன். உச்சி வெயில். கழி அசைந்தால் படம் நின்றுவிடும்.

மேலிருந்து குரல் வந்தது. "தெரியுதா?"

கத்தார் பாய் எழுதினார்: "இல்ல. கொஞ்சம் இடது பக்கம்."

ஆன்டெனா திருப்பிய காலத்து ஆள் போலிருக்கிறது. நான் சொன்னேன், படிக்கட்டில் நின்றவர்கள் மேலே சொன்னார்கள், பிரியாணிப் பந்தலில் இருந்தவர்களும் சேர்ந்து சொன்னார்கள். கல்யாணமே இடது பக்கம் திரும்பியது. "தெரியுது" என்று பாய் எழுதினார்.

நிக்காஹ் நடத்த வந்த ஹஜ்ரத் ஆரம்பிக்கும் நேரம் பார்த்துக் கழி மேல் ஒரு காக்கை உட்கார்ந்து படம் நின்றது. "படம் நின்னுடுச்சு" என்று நான் கத்தியதைக் கேட்டு ஹஜ்ரத் நிமிர்ந்து பார்த்தார். "இருங்க. பொண்ணோட வாப்பா வரட்டும்" என்றார். மண்டபமே காத்திருந்தது. காக்கையிடம் டிஷ்காரர் மாடியில் என்ன பேசினாரோ, அது போய்விட்டது. படம் வந்தது, நிக்காஹ் முடிந்தது, எல்லாரும் துஆவுக்குக் கையேந்தினார்கள்.

"தெரியுதா?" என்றது மேலிருந்து.

திரையில் பதில் இல்லை. மறுபடியும், "டீச்சர், தெரியுதா?" இவ்வளவும் செய்து கடைசியில் கோட்டை விட்டுவிட்டோமே என்று நினைத்தேன்.

ஆமீன் சொல்லி முடிந்தபின் ஒரு வரி வந்தது. "நல்லா தெரிஞ்சிது. ரெண்டு கையும் ஏந்திக்கினு இருந்தேன், டைப் பண்ண முடியல."

என்னால் அதைச் சத்தமாகப் படிக்க முடியவில்லை, அழுதுவிட்டேன். அதனால் மாடிக்குப் பதில் போய்ச் சேரவில்லை. முதல் பந்தி முடிகிறவரை அந்த மனிதர் கழியை இறக்கவில்லை.

இப்போது நான் விழுப்புரத்துக்குக் குடிவந்துவிட்டேன். இங்கே வேறு கம்பெனி லைன். ஆனாலும் படம் நின்றால் அவருக்குத்தான் போன் செய்கிறேன். "தோ வர்றேன் டீச்சர்" என்று திண்டிவனத்திலிருந்து ஏணியோடு வந்து இறங்குகிறார், மாடிக்கு ஏறுகிறார், "தெரியுதா?" என்கிறார்.

போன் செய்கிற பாதி நாள் என் வீட்டில் படம் நிற்பதே இல்லை.