கேஸ் போச்சா?

அன்று காலை தேனி ஆஸ்பத்திரி அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: கட்டிலில் ஜெயமங்கலம் மேலவீட்டு ஆரோக்கியசெல்வம், கால்மாட்டில் மனைவி பிலோமினா, நாற்காலியில் பழனிசெட்டிபட்டிச் சம்பந்தி எபனேசர், அவர் மகளும் மேலவீட்டு மருமகளுமான ஷெரின், வாசலில் நர்ஸ் கயல். மற்றவர்கள் சொல்வதெல்லாம் கேள்விப்பட்டது.

"கேஸ் போச்சாய்யா?" என்றாள் கயல்.

ஆரோக்கியசெல்வம் நிமிர்ந்தார். தோப்புக்குப் போகும் வண்டிப்பாதைக்காகச் சித்தப்பா மகன் ஜான் பீட்டர் போட்ட வழக்கு கோர்ட்டில் கிடந்தது.

"எப்பிடிப் போகும்? உசுரு இருக்க வரைக்கும் விடமாட்டேன்!"

"விட்டாத்தான்யா இட்லி!"

பிறகு அவளே விளக்கினாள். "வயித்துல கேஸ் ஊதி, கேமராவ உள்ள விட்டுத்தான் பித்தப்பைய எடுத்தாக. தோள்பட்டை வலி அதனாலதான். நாலே சின்னத் துளை. நாளைக்கு வீட்டுக்குப் போயிரலாம். காத்துப் பிரிஞ்சாத்தான் குடல் வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

சம்பந்தி முன்னால் காற்றா? மேலவீட்டார் சம்பந்தி முன்னால் கொட்டாவிகூட விட்டதில்லை.

"எங்க வம்சத்துல அந்தப் பழக்கம் கிடையாதும்மா."

"கூச்சப்படாதீக சம்பந்தி, நான் வெளிய நிக்கிறேன்" என்று எழுந்தார் எபனேசர். கதவுக்கு அந்தப்பக்கம் ஒரு காது காத்திருப்பதை நினைத்ததும் ஆரோக்கியசெல்வத்துக்கு வயிறு இன்னும் இறுகியது.

பிலோமினா கைத்தாங்கலாக வராந்தாவில் நடத்திக் கூட்டிப்போனார். அங்கன இருந்த நோயாளிகளெல்லாம் அக்கறையாக விசாரித்தார்கள்: "போச்சா?"

மதியம் எபனேசர் டீ குடிக்கப் போனார். ஆரோக்கியசெல்வத்துக்குக் கண் செருகியது. வயிறு மெல்ல உப்ப, கட்டிலை விட்டு எழும்பி, ஜன்னல் வழியே மிதந்தார். கீழே கம்பத்துத் திராட்சைப் பந்தல்கள் பச்சைப் பாயாக விரிந்தன. மேகமலை மூட்டம் கன்னத்தை ஈரமாகத் தடவியது. கையில் ஒரு நூல். உற்றுப் பார்த்தால் அது வண்டிப்பாதை. மறுநுனியைப் பிடித்தபடி அரைக்கால் சட்டையில் ஜான் பீட்டர் ஓடிவந்தான்.

"விடுண்ணே!"

விட்டார்.

மலை இடிந்ததுபோல் சத்தம். விழித்தபோது பிலோமினா ஊரிலிருக்கும் தங்கையிடம் போனில் கூவிக்கொண்டிருந்தார். "கேஸ் போச்சுடீ! மாதா கைவிடல!"

"ஒங்கப்பாகிட்ட மட்டும் மூச்சு விடாதே" என்று ஷெரினிடம் கெஞ்சினார் ஆரோக்கியசெல்வம்.

ஆனால் மாலைக்குள் மேலவீட்டார் வழக்கில் தோற்றார்கள் என்று ஜெயமங்கலமே பேசியது. சாத்துக்குடிப் பையோடு ஜான் பீட்டரே வந்து நின்றார்.

"அண்ணே, கேஸ் போச்சுங்கிறாக. எந்தக் கேஸு?"

டீ குடித்துத் திரும்பியிருந்த எபனேசரும் காதைக் கொடுத்தார். பிலோமினா வாயைத் திறந்தார். கணவரின் பார்வையில் மூடிக்கொண்டார். ஒருபக்கம் பாதை. மறுபக்கம் மானம்.

ஆரோக்கியசெல்வம் முதுகை நிமிர்த்தினார். "கோர்ட்டு கேஸுதான்டா. தோத்துட்டேன். பாதைய நீயே வச்சுக்க."

ஜான் பீட்டர் பையைக் கட்டிலில் வைத்தார்.

"அது இல்லண்ணே. ஒங்களுக்கு ஆபரேஷன்னு கேட்ட அன்னைக்கே கோர்ட்டு கேஸ நான் வாபஸ் வாங்கிட்டேன். போனது வயித்து கேஸுதான்."