முப்பத்தெட்டு வெள்ளைச் சட்டைகளும் ஒரு போத்தல் நீலமும்

எனக்கு உடுப்புத் தோய்க்கத் தெரியாது என்பதை ஐம்பத்தோராவது வயதில்தான் கண்டுபிடித்தேன். அதுவரை அதை நிரூபிக்க ஒருவரும் எனக்குச் சந்தர்ப்பம் தரவில்லை. (முதலில் அம்மா, பிறகு மனைவி. இடையில் கொழும்பில் அறையெடுத்துத் தங்கிய இரண்டு வருடங்களைப் பற்றித் தயவுசெய்து கேட்காதீர்கள்.)

சாவகச்சேரியிலிருந்து உள்ளே போகும் ஒரு கிராமத்தில், பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே எனக்கு ஒரு போட்டோக்கொப்பிக் கடை இருக்கிறது. சாமான் விலையெல்லாம் எகிறிப் போயிருந்த அந்த வருடம், ஒரு மழை நாளில், பள்ளிக்கூட அதிபர் சோதனைத் தாள்களைப் பிரதியெடுக்க வந்தார். மெசின் ஓடிக்கொண்டிருக்கும்போது வெளியே மழையைப் பார்த்தபடி சொன்னார்:

"இண்டைக்கும் கன பிள்ளையள் வரேல்லை அண்ணை."

"மழைக்குப் பயமாக்கும், மிஸ்."

"மழைக்கில்லை. ஒரே ஒரு வெள்ளைச் சட்டைதான் இருக்கு. அண்டண்டைக்குத் தோய்ச்சுப் போட்டுத்தான் வருதுகள். மழை பெய்தால் காயாது. கலர்ச் சட்டையோடை வர வெக்கம்."

"விடுங்கோ மிஸ், நான் பாக்கிறன்," என்றேன். என் வாழ்க்கையில் வந்த எல்லாத் துன்பங்களும் இந்த வசனத்தில்தான் தொடங்கியிருக்கின்றன.

திட்டம் சுலபமானது. வளர்ந்த பிள்ளைகளுக்குச் சிறிதாகிப் போன சீருடைகளை வீடு வீடாகச் சேர்ப்பது. என் மனைவி வதனி தையற்காரி. அவள் கிழிசல் தைத்துப் பொத்தான் வைப்பாள். கொடுக்கும் பொறுப்பு அதிபருக்கு. கேட்டுவிட்டு அவர் ஒரேயொரு நிபந்தனை வைத்தார்.

"ஆருக்குக் குடுத்தது எண்டு ஊருக்குத் தெரியப்படாது. 'உது தந்த சட்டை' எண்டு மற்றப் பிள்ளையள் கண்டுபிடிச்சால், அந்தப் பிள்ளை பிறகு வெயிலுக்கும் வராது."

இரண்டு கிழமையில் முப்பத்தெட்டுச் சட்டைகள் சேர்ந்தன. எல்லாம் வெள்ளை என்று சொல்லப்பட்டவை. எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் எந்த வெள்ளையையும் இரண்டு வருடத்தில் பனங்கிழங்கு நிறமாக்கிவிடும். வதனி இரவு பகலாகத் தைத்து முடித்தாள். தோய்ப்பதுதான் பாக்கி. ஞாயிறு பின்னேரம் அதிபர் வந்து எடுப்பதாக ஏற்பாடு. சனிக்கிழமை காலை வதனி, தங்கச்சியின் பச்சைக் குழந்தைக்கு முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு என்று கரவெட்டிக்குப் புறப்பட்டாள்.

"இஞ்சாருங்கோ, நாளைக்கு விடியவே வந்து நான் தோய்க்கிறன். நீங்கள் சும்மா இருந்தால் காணும்."

உலகத்திலேயே கடினமான வேலையைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டாள்.

பத்து மணிவரை சும்மா இருந்தேன். பிறகு, அவள் வரும்போது கொடியில் முப்பத்தெட்டுச் சட்டைகளும் கொக்குக் கூட்டம் மாதிரி ஆடினால் எப்படியிருக்கும் என்று யோசித்தேன். (ஆண்களுக்கு இப்படி யோசனை வரும்போது வீட்டிலுள்ளவர்கள் உடனே சாப்பாடு கொடுத்துப் படுக்க வைத்துவிட வேண்டும்.)

சவர்க்காரம் போட்டுக் கசக்கி அலசியதுவரை பிழையில்லை. அடுத்தது, வெள்ளையைப் பளிச்சென்று காட்டப் போடும் நீலம். ஒரு வாளித் தண்ணீருக்குச் சில துளிகள் என்று போத்தலில் போட்டிருந்தது. நான் கணக்கில் கெட்டிக்காரன் என்ற நினைப்பில், வாளியை விட்டுவிட்டுச் சட்டைக்கு இத்தனை துளி என்று பெருக்கினேன். பழைய சட்டைகள் என்பதால் அதை இரட்டிப்பாக்கினேன். ஊற்றி முடித்துப் பார்த்தால் போத்தலின் அடியில் கொஞ்சம் மிச்சம். அதை வைத்து என்ன செய்வது? சட்டைகளைத் தொட்டியில் போட்டு, அவற்றின் தலையிலேயே மிச்சத்தையும் கவிழ்த்துவிட்டு, ஊறட்டும் என்று உள்ளே போய்ப் படுத்தேன்.

நல்ல நித்திரை. எழும்பி வந்து முதற் சட்டையைத் தூக்கினேன். வானம் வந்தது. இரண்டாவதைத் தூக்கினேன். கடல் வந்தது, முதுகில் மன்னார்த் தீவு அளவில் ஒரு கருநீலத் திட்டோடு.

கிணற்றைச் சுற்றி மூன்று முறை ஓடினேன். ஏன் ஓடினேன் என்று இன்றைக்கும் தெரியாது. பிறகு படலையைப் பூட்டினேன். மோட்டரைப் போட்டு அலசினேன், அலசினேன், தோட்டத்து வாழைகளெல்லாம் நீலத் தண்ணீர் குடிக்கும்வரை அலசினேன். திட்டுகள் பரவிக் கடலும் வானமாகியது. அதற்குமேல் அசையவில்லை.

வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு நாகேசக்காவின் தலை தெரிந்தது.

"தம்பி, என்ன, சாயப்பட்டறை தொடங்கிட்டியோ?"

"இல்லையக்கா, தோய்க்கிறன்."

"வதனி எங்கை?"

"கரவெட்டிக்கு."

"அதுதானே பாத்தன். தேசிக்காய் புளியைப் பிழிஞ்சு பார்."

மரக்கறிக் கடையிலிருந்த தேசிக்காய் முழுவதையும் வாங்கிப் பிழிந்தேன். இப்போது என்னிடம் வாசமான நீலச் சட்டைகள் இருந்தன. கடைசி ஆயுதமாக, கிணற்றுக்குப் போடும் குளோரின் தூளை ஒரு சட்டையில் பரீட்சித்தேன். அது வெளுத்தது உண்மை. கூடவே கண் கண்ணாக ஓட்டையும் விழுந்தது. குருநகருக்குக் கொண்டுபோயிருந்தால் அதில் மீன் பிடித்திருப்பார்கள்.

ஞாயிறு காலை வதனி படலையைத் திறந்தாள். கொடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திரும்பக் கொடியைப் பார்த்தாள்.

"சும்மா இருங்கோ எண்டு சொன்னனான்தானே?"

"சும்மாதான் இருந்தனான். பத்து மணி மட்டும்."

"மிஸ்ஸுக்கு என்ன சொல்லப் போறியள்?"

"கள்ளன் கொண்டு போட்டான் எண்டு சொல்லுவமோ?"

"உந்தச் சட்டையளை எந்தக் கள்ளன் எடுப்பான்?"

மத்தியானத்துக்கு முன்னரே அதிபருக்குப் போன் எடுத்தாள். அவர் வந்தார். ஏசுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன். ஏசவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"நான் ஒண்டே ஒண்டுதான் அண்ணை கேட்டனான்."

"ஓம் மிஸ்."

"உதைப் போட்டுக்கொண்டு வந்தால், ஆருக்குக் குடுத்தது எண்டு கிளாலியிலை நிண்டு பாத்தாலும் தெரியும். நாளைக்குச் சட்டை வருமெண்டு வீடுகளுக்கும் சொல்லிப்போட்டன். அதிலை ஒரு பிள்ளை ஒரு கிழமையாப் பள்ளிக்கூடமே வரேல்லை."

நான் வாய் திறந்தால் பகிடிதான் வரும் என்பார்கள். அன்றைக்கு அந்த ஓட்டைச் சட்டையைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

ஒரு சட்டையின் கொலரைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வதனி மெதுவாகக் கேட்டாள்: "மிஸ், மற்றப் பிள்ளையளின்ரை சட்டையும் நீலமா இருந்தால்?"

அதிபர் கொடிக்குப் போய் ஒரு சட்டையை வெயிலில் பிடித்துப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, தாய்மாரின் வட்ஸ்அப் குழுவுக்கு எழுதினார்: 'நாளை வரும் எல்லாப் பிள்ளைகளின் வெள்ளைச் சீருடைக்கும் இன்று நீலம் கூடப் போடவும். நன்றாகக் கூடப் போடவும். காரணம் கேட்க வேண்டாம்.'

ஒரு நிமிடத்தில் முதற் பதில் வந்தது: 'எவ்வளவு மிஸ்?'

அதிபர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அண்ணையிட்டைக் கேக்கச் சொல்லவோ?" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

நல்ல வெயில். பின்னேரத்துக்குள் ஊர்க் கடைகளில் நீலம் முடிந்துவிட்டது. நாகேசக்காவின் புண்ணியத்தில் காரணமும் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. எந்தெந்த வீட்டுக்குச் சட்டை போனது என்பது மட்டும் அதிபரோடு நின்றது.

திங்கட்கிழமை நேரத்தோடு கடையைத் திறந்து வாசலில் நின்றேன். பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். மெல்லிய நீலம், மீன்கொத்தி நீலம், அரைகுறை நீலம், ஒரு கை மட்டும் நீலம். ஒருவன் மைக்கூட்டுக்குள் விழுந்து எழும்பியவன் மாதிரி வந்தான். (அவனுடைய தாய்க்கும் எனக்கும் ஒரே வாத்தியார்தான் கணக்குப் படிப்பித்திருக்க வேண்டும்.) சட்டைகளின் பொத்தான்களைக்கூட எண்ணிவைத்திருந்த எனக்கே எங்கள் சட்டைகள் எவை என்று பிடிபடவில்லை.

அன்று பார்த்து மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருக்கிறார். "என்ன இது, உங்கடை சீருடை வெள்ளையெல்லோ?" என்று கேட்டாராம். "எங்கடை ஊர் வெள்ளை உப்பிடித்தான், சேர்," என்றாராம் அதிபர்.

இடைவேளைக்கு அதிபர் ஒரேயொரு தாளோடு கடைக்கு வந்தார். அதைப் பிரதியெடுக்க வேண்டிய அவசியம் இருந்ததாகத் தெரியவில்லை.

"எல்லாரும் வந்தவை, அண்ணை. அந்தப் பிள்ளையும்."

திட்டம் இன்றுவரை ஒவ்வொரு வருடமும் நடக்கிறது. எனக்குக் கொடுக்கப்பட்டிருப்பது மூட்டை தூக்கும் பதவி மட்டுமே. வதனி வெளியூர் போகும்போது நீலப் போத்தலையும் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போகிறாள். கலியாண வீடுகளில் அந்தப் போத்தலை எடுத்துக் காட்டித்தான் சொந்தக்காரருக்குக் கதையைத் தொடங்குவாள்.

போன மாதம் ஒரு பிள்ளை, கம்பஸுக்கு அனுப்பச் சான்றிதழ்களைப் பிரதியெடுக்க வந்தாள். அவற்றில் பள்ளிக்கூடப் பெயரைப் பார்த்தேன்; எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம்.

"மாமா, அண்டைக்கு நானும் நீலச் சட்டைதான் போட்டனான்," என்றாள்.

எனக்கு ஆவல் தாங்கவில்லை. "நாங்கள் தந்ததோ பிள்ளை, வீட்டுச் சட்டையோ?"

தாள்களை அடுக்கி உறைக்குள் வைத்தாள்.

"உங்களுக்கு மட்டும் சொல்லவே வேண்டாமெண்டு மிஸ் சொன்னவ, மாமா," என்று சிரித்துக்கொண்டே சைக்கிளை எடுத்தாள்.