பதினாறு இடப் போர்டில் கோபி நடத்திய போர்

விசைப்பலகையே வில்லாக, பத்து விரல்களே கணைகளாக, நேற்றைய சட்டையே கவசமாகக் கொண்டவனும், தொடர்ந்து நான்கு டீ குடித்தும் கலங்காத வயிறு படைத்தவனும், விழுப்புரம் பாசஞ்சரில் நின்றபடியே தூங்கும் வரம் பெற்றவனுமாகிய கோபி என்னும் மென்பொருள் வீரனை முதலில் வணங்குவோம். கணினிக்குரிய தெய்வம் எதுவோ, அது அவனுக்குத் துணை நிற்கட்டும், இதுவரை நின்றதில்லை.

போர்க்களம், திண்டிவனத்தில் அரங்கநாதனின் மல்லாட்டை மண்டி, அதாவது நிலக்கடலை மண்டி. மூட்டைகள் மலைத்தொடராய் எழ, தூசி படை நடந்த புழுதியாய் மண்ட, தராசுக்கு மேலே செந்தழலாய் ஒளிர்ந்தது கோபி மாட்டிய மின்னெழுத்து போர்டு. அடுத்து எடை போட வேண்டியவரின் பெயரை அது அறிவிக்க வேண்டும். அறிவித்ததோ:

‘<விவசாயி 0x7f3a9’

வரிசையின் தலையில் நின்ற தையல்நாயகி நிமிர்ந்து பார்த்தாள். “நம்பர் போட்டு கூப்பிட நான் இன்னா ஜெயில்லயா கீறேன்? பேரப் போடு தம்பி. மொட்டையா போட்டுடாத, மருவாதியா போடு.”

மண்டியின் அதிபதி அரங்கநாதன் முழங்கினார்: “பன்னெண்டு மணிக்குள்ள பேர் வரணும் கோபி. வரலன்னா போர்டக் கழட்டி எடுத்துக்கினு கெளம்பிடு.”

கோபி தனியே தொழில் தொடங்கி எட்டு மாதம். முதல் வாடிக்கையாளர் அரங்கநாதன். ஒரே வாடிக்கையாளரும் அவரே. மணி பதினொன்று பத்து.

பகைவன் யார்? பைத்தான் என்னும் கணினி மொழியில் பிறவியிலேயே உறையும் ‘ஸ்டர்’ என்னும் கட்டளை. எதைக் கொடுத்தாலும் எழுத்தாக்கித் தரும் வல்லவன். ஆனால் கோபி தன் கையால் படைத்த ‘விவசாயி’ என்னும், பெயரும் விவரமும் அடங்கிய வார்ப்பை அவன் அறியான். அறியாததால் பெயரை விட்டுவிட்டு, கணினியின் நினைவகத்தில் அது குடியிருக்கும் கதவு எண்ணைக் கூவினான். போர்டுக்கு அனுப்பும் வரியில் ‘பெயர்’ என்று ஒரே ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். அரை நிமிடத்தில் முடிவதெல்லாம் ஒரு போரா? “அந்த வரியைத் தொடேன்! ஸ்டரையே என் சொற்படி ஆட வைப்பேன்!” என்று மனத்துக்குள் சூளுரைத்த கோபி, வார்ப்புக்குள் புகுந்து புது விதி பொறித்தான்: விவசாயியை எழுத்தாக்கு என்றால் பெயரைச் சொல், முன்னால் ‘பெருமதிப்பிற்குரிய’ என்று சேர்.

அந்த மரியாதைதான் அவனைக் கவிழ்த்தது. போர்டில் இருந்தது மொத்தம் பதினாறு இடம்; அதில் கொம்பும் காலும் சுழியும் புள்ளியும்கூட ஆளுக்கோர் இடம் பிடித்துக்கொள்ளும். விளக்குகள் சிலிர்த்தெழுந்து அறிவித்தன:

‘பெருமதிப்பிற்குர’

அடுத்தவரும் பெருமதிப்பிற்குர. அதற்கடுத்தவரும் அதே. தன்னைத்தான் அழைக்கிறது என்று நம்பி வரிசையில் நின்ற இருபத்திரண்டு பேரும் மூட்டையோடு தராசை நோக்கிப் பாய, இரு யானைப்படைகள் மோதியதுபோல் மண்டி அதிர்ந்தது, கோணி கிழிந்தது, மல்லாட்டை கணைமாரியாய்ச் சிதறியது. “தள்ளாதய்யா, பெருமதிப்பு நான்தான்!” என்று யாரோ அலறினார். கோபி மேசைக்குக் கீழே சார்ஜரைத் தேடுவதுபோல் பதுங்கினான்.

பதினொன்று ஐம்பது. வியர்வை அருவியாய் வழிய மீண்டெழுந்தவன், ‘ஃபார்மேட்’ என்னும் மற்றொரு பிறவிக் கட்டளையை வளைத்தான். எத்தனை இடம் இருக்கிறது என்று கேட்டபின் எழுத்தை அமைப்பவன் அவன். அவனுக்குப் புது விதி: இடம் குறுகினால் பட்டத்தை விடு, பெயரோடு அம்மா, ஐயா போதும். பிறகு, எந்த வரியைத் தொடேன் என்று சூளுரைத்தானோ அந்த வரியையே தொட்டுத் திருத்தி, கண்ணை மூடிக்கொண்டு என்டரை அழுத்தினான். மணி பன்னிரண்டுக்கு ஒரு நிமிடம்.

‘தையல்நாயகி அம்மா’

பதினாறு இடமும் நிறைந்து, நூலளவும் பிதுங்காமல், திசையெட்டும் செவ்வொளி பரப்பி நின்றது அந்தத் திருப்பெயர்! “இது மருவாதி,” என்று தையல்நாயகி மூட்டையை இழுத்துக்கொண்டு தராசேற, வெற்றித்திருமகள் மாலையோடு வரும் வாசலைப் பார்ப்பவன்போல் கோபி அரங்கநாதனின் முகத்தைப் பார்த்தான்.

அவர் போர்டைப் பார்த்து, “எழுத்து இன்னும் கொஞ்சம் பெருசா வராதா?” என்று கேட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்.