தானே உதிர்ந்த சோயா

விவசாயத்தை விவசாயிகளிடமிருந்து காப்பாற்றுவது என்று வேளாண்மை அலுவலகம் அந்த ஆண்டு தீர்மானித்தது. அதற்கு முதற்கட்டமாக ஒரு மாதிரி வயல் தேவைப்பட்டது. டீச்சரின் நிலம் தார்ச்சாலையை ஒட்டி இருந்தது. காரை விட்டு இறங்காமலே பார்வையிடலாம். வேறு தகுதி எதுவும் ஆராயப்படவில்லை.

டீச்சர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவள் இல்லை. யாரைப் பார்த்தாலும் திருத்துவாள் என்பதால் தெரு வைத்த பேர் அது. கணவன் போன பிறகு நாலு ஏக்கரை ஒண்டியாகப் பார்த்து, பாதியில் மக்காச்சோளமும் பாதியில் சோயாவும் எடுத்து வந்தாள். பக்கத்து வயல் அவள் தம்பியுடையது. போர்டு வைக்கிற சகவாசமே வேண்டாம் என்று அவன் சொன்னான். அவனுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டாள். மாதிரி வயல் என்று சாலையோரம் நட்ட போர்டில் அவள் பேர் ஒரு முழ உயரத்துக்கு இருந்தது.

மழை பெய்து மண் பதமானதும் தம்பி விதைத்தான். டீச்சரும் விதையோடு கிளம்பினாள். உதவி அலுவலர் மோட்டார் சைக்கிளில் வந்து மறித்தார். தொடக்க விழா நடக்காமல் மாதிரி வயலில் ஒரு விதைகூட விழக்கூடாதாம். இணை இயக்குநருக்கு ஒழிந்த நாள் கிடைக்கப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அதற்குள் நிலம் காய்ந்துபோய், தண்ணீர் பாய்ச்சித்தான் விதைக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது வாரம் மக்காச்சோளக் குருத்துக்குள் படைப்புழு இறங்கியது. தம்பி அன்று சாயங்காலமே மருந்தடித்துவிட்டான். டீச்சர் அலுவலகத்துக்கு ஓடினாள்.

"எத்தனை புழும்மா?" என்றார் உதவி அலுவலர்.

"எண்ணலைங்க சார். நிறைய இருக்கு."

"நிறையன்னு எழுதப் படிவத்துல கட்டம் இல்லையே."

இரண்டு நாள் குனிந்து குனிந்து எண்ணிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். எண்ணிக்கை அவருடைய அதிகார வரம்பைத் தாண்டியிருந்ததால் கோப்பு மேலே போயிற்று. மருந்தடிக்க அனுமதி வந்தபோது புழுக்கள் வயிறாரத் தின்று, கூட்டுப்புழுவாகி மண்ணுக்குள் போயிருந்தன. உதவி அலுவலர் வயலைச் சுற்றிப் பார்த்தார். 'தற்சமயம் புழு ஏதும் தென்படவில்லை. நடவடிக்கை முழு வெற்றி' என்று எழுதினார். கதிர்கள் பின்னால் பொக்கை வாயாக வந்ததைப் பற்றி அந்தப் படிவத்தில் கேள்வி இல்லை.

அடுத்து சோயாவுக்கு யூரியா மூட்டைகள் வந்து இறங்கின. டீச்சர் ஒரு செடியைப் பிடுங்கி, வேரில் மணிமணியாக இருந்த முடிச்சுகளைக் காட்டினாள்.

"இது தனக்கு வேண்டியதைத் தானே தேடிக்கும் சார். இதுக்கு எதுக்கு யூரியா?"

"செடிக்குத் தெரியும்மா. ஒதுக்கீட்டுக்குத் தெரியாதே."

போட்டார்கள். சோயா இடுப்பளவு வளர்ந்து, இலையாகத் தள்ளியது. இணை இயக்குநர் அதற்குள் நின்று படம் எடுத்துக்கொண்டார். காய் கொஞ்சம்தான்.

அந்தக் கொஞ்சமும் முற்றியது. இலை உதிர்ந்து, செடியை ஆட்டினால் காய்க்குள் மணி கலகலத்தது. தம்பி அறுத்துக் களத்தில் சேர்த்துவிட்டான். டீச்சருக்கு வயல் விழா முடியும் வரை அறுக்கத் தடை. பயிர் இல்லாமல் எதைக் காட்டுவதாம்? ஒரு நாள் விடிந்ததும் அரிவாளோடு இறங்கினாள். உதவி அலுவலர் வரப்பில் நின்று, தன் வேலை போய்விடும், வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள் என்று மெதுவாகச் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்தாள். அரிவாளைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

விழா நடந்தது நல்ல வெயிலில். இணை இயக்குநர் பேசும்போது வயல் முழுக்கப் படபடவென்று வெடித்தது.

"அது என்ன சத்தம்?" என்றார் அவர்.

உதவி அலுவலர் ஒரு நொடிதான் யோசித்தார். "விளைச்சல் சார்."

காய்கள் வெடித்து மணிகள் மண்ணில் சிதறுவதை இணை இயக்குநர் உற்றுப் பார்த்தார். அரிவாள் இல்லை, ஆள் இல்லை, இயந்திரம் இல்லை. பயிர் தன்னைத்தானே அறுவடை செய்துகொள்கிறது என்று அங்கேயே அறிவித்தார். 'தற்சார்பு அறுவடைத் திட்டம்' பிறந்தது. டீச்சருக்குச் சால்வை போட்டு, மேடையில் நாற்காலி கொடுத்து, முன்னோடி விவசாயி என்று சான்றிதழும் கொடுத்தார்கள். சிதறியதைப் புறாக்கள் பார்த்துக்கொண்டன.

அடுத்த பருவத்துக்கு மாதிரி வயல்களைத் தேர்ந்தெடுக்கக் குழு போட்டார்கள். டீச்சரும் உறுப்பினர். விண்ணப்பம் வாங்கும் நாளில் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். முதல் ஆள் தம்பி.

"எல்லாத்தையும் கண்ணால பாத்தியேடா," என்றாள்.

"பாத்தேன்க்கா. ஆனா இத்தனை வருஷம் மூட்டை மூட்டையா எடுத்தேன், எனக்கு யார் நாற்காலி போட்டா?"

டீச்சர் விண்ணப்பத்தை வாங்கிக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தாள். விதைக்கும் தேதி என்ற கட்டத்தில், மழையைக் கணக்குப் பண்ணி அவனே ஒரு நாளை எழுதியிருந்தான். அதைச் சிவப்பு மையால் அடித்தாள்.

"தேதியெல்லாம் நாங்க சொல்லுவோம்," என்றாள்.