கைக்கடிகாரத்தில் ஓர் இதயம்

"நூத்தம்பத்திரெண்டு. இறங்கு."

சைக்கிள் கேரியரில் இருந்த என் மனைவி லூர்துமேரி இறங்கவில்லை. "இன்னாது நூத்தம்பத்திரெண்டு?"

"என் இதயத் துடிப்பு. நூத்திநாப்பதத் தாண்டுனா டிரெய்னிங் வீணு."

"பேசிக்கினேதான மிதிக்கிறீங்க? மூச்சே வாங்கல. அப்புறம் இன்னா கஷ்டம்?"

"கஷ்டத்த மனுசன் சொல்லக்கூடாது. மிஷின் சொல்லணும்."

மே தின சைக்கிள் பந்தயத்துக்குப் பழகிக்கொண்டிருந்தேன். நாக்குத் தள்ள மிதித்துவிட்டு 'இன்னிக்கு நல்ல பிராக்டீஸ்' என்று சொல்லிக்கொள்ளும் மூடர்களோடு எனக்குப் பேச்சில்லை. என் மார்பில் பெல்ட், மணிக்கட்டில் கடிகாரம். கோட்டக்குப்பத்தில் துபாயிலிருந்து வந்த ஒருவரிடம் வாங்கியது. பெல்ட் இதயத்தைக் கேட்கும். கடிகாரம் எண்ணாகக் காட்டும். எண் ஏறினால் மனைவியை இறக்கிவிடலாம். இதுவே அதன் தலையாய பயன்.

அவள் நடந்தாள். அவள் கூலிக்குப் போகும் உப்பளத்தில் மேஸ்திரி, லேட் என்று திருப்பி அனுப்பிவிட்டான். கூலி போயிற்று. விஞ்ஞானம் என்றால் யாராவது நடக்கத்தான் வேண்டும்.

மறுநாள் பனியனை நீட்டினாள். "பெல்ட் நழுவுதுன்னீங்களே. உள்ளயே வச்சுத் தச்சிட்டேன்."

தோற்றவளின் பணிவு என்று நினைத்தேன்.

அன்று எதிர்க்காற்று. பாதி வழியில் எனக்குக் கண் இருட்டியது.

"இறங்கட்டுமா? எவ்ளோ காட்டுது?"

"எழு... எழுபத்... தாறு."

"அவ்ளோதானா? தூங்குறப்பவே அது இருக்குமே. மிதிங்க."

மிதித்தேன். தொடை எரிந்தது. தொடைக்கு என்ன தெரியும்? இந்தக் காற்றிலும் எழுபத்தாறு என்றால் கோப்பை எனக்குத்தான்.

நேரத்துக்குச் சேர்ந்தோம். அவள் பாத்திக் கரையில் இறங்கிப் பத்தடி போயிருப்பாள். கடிகாரத்தில் எண் பூஜ்யமானது.

என் இதயம் நின்றுவிட்டது. ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு சாவுக்குக் காத்திருந்தேன்.

"ஏம்பா, நெஞ்சப் புடிச்சிக்கினு நிக்கிற?" என்றபடி கொளஞ்சி உப்புக்கூடையோடு கடந்து போனான்.

மறந்துவிட்ட தூக்குவாளிக்காக லூர்துமேரி திரும்பி வந்தாள். எழுபத்தொன்பது. உயிர் வந்தது. எடுத்துக்கொண்டு போனாள். பூஜ்யம்.

பனியனுக்குள் கைவிட்டேன். பழைய பாவாடை நாடா. நடுவில் ஹவாய் செருப்பின் ஒரு துண்டு. தையல் நேர்த்தி. என் பெல்ட் அவள் ரவிக்கைக்குள் உப்பு வாரப் போய்க்கொண்டிருந்தது.

"சாயங்காலம் உட்டுட்டுப் போயிடாதீங்க!" அங்கிருந்தே கத்தினாள். "எவ்ளோ காட்டுனாலும்!"

"சரி" என்றேன். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, துண்டால் கேரியரைத் துடைத்தேன்.